கேட்டிட்டு வாறன்

சில வருடங்களுக்கு முன், சிட்னியில் நான் வேலை பார்த்த பல்கலைக்கழகத்துக்கு ஐரோப்பாவிலிருந்து ஒரு பேராசிரியர் வந்திருந்தார். உயர்கல்வியில் மாணவர்களைப் பங்காளிகளாகச் சேர்த்துக்கொள்வது எப்படி என்பது பேச்சு. பாடத்திட்டம் வகுக்கும்போதும் பரீட்சை முறையைத் தீர்மானிக்கும்போதும் அங்கே மாணவர்களை மேசைக்கு அழைத்து உட்கார வைக்கிறார்களாம். வட்டங்களும் அம்புக்குறிகளுமாகப் படம் காட்டினார். நன்றாகத்தான் பேசினார். காட்சிக்கு வைத்த மாதிரி முன்வரிசையில் நாலைந்து மாணவர்களையும் கொண்டுவந்து உட்கார வைத்திருந்தார்கள். டீயும் கேக்கும் வரும்வரை அவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. அக்கா அங்கே இருந்திருந்தால் இந்நேரம் எழுந்து அந்தப் பிள்ளைகள் பக்கம் போயிருப்பார்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. எழுபதுகளின் நடுவில் மெல்பர்னில் என்னோடு வேதியியல் படித்தவர். யாழ்ப்பாணத்துக்காரர். கணவர் ஆஸ்பத்திரியில் டாக்டர். இரண்டு சின்னப் பிள்ளைகள். வகுப்பில் நாங்கள் எல்லோரும் இருபதைத் தொட்டுக்கொண்டிருந்தோம், அவர் முப்பதைத் தாண்டியிருந்தார். சேலைக்கு மேல் ஆய்வுகூடத்து வெள்ளைக் கோட்டு, காலில் தடித்த கம்பளிக் காலுறை, அதற்குமேல் செருப்பு. மலேசியாவில் ஈப்போவிலிருந்து போய் இறங்கி, குளிரில் பல் கிட்டித்துப் போயிருந்த எனக்கு அந்த ஊரில் தமிழ் பேசக் கிடைத்த முதல் ஆள். பார்த்த அன்றே அக்கா என்றேன். "ஓம் தம்பி, ஆனா உமக்கு அக்கா வேணுமோ சிநேகிதி வேணுமோ, வடிவா யோசிச்சுச் சொல்லும்" என்றார். பகிடி விடுகிறார் என்று நினைத்தேன். போகப் போகத்தான் தெரிந்தது, அவர் நிஜமாகவே கேட்டிருக்கிறார்.

அதுதான் அவர் குணம். அடுத்தவருக்கு என்ன வேண்டும் என்று அவராக நினைத்துக்கொள்ளவே மாட்டார். கேட்பார். பதில் வந்தால்தான் காரியம் நடக்கும். பிரன்ஸ்விக்கில் டிராம் பாதைக்குப் பக்கத்தில் அவர்கள் வாடகை வீடு. சனிக்கிழமைகளில் என்னைச் சாப்பிடக் கூப்பிடுவார்கள். அவர் குசினி என்று சொல்லும் சமையலறைக்குள் நான் நுழைந்ததும் "சோறோ புட்டோ?" என்பார். எதுவானாலும் சரி என்று சொல்லிவிட்டால் தொலைந்தது, கரண்டி அந்தரத்தில் நிற்கும்.

"எதெண்டாலும் எண்டு ஒரு சாப்பாடு இல்லைத் தம்பி. உமக்கு என்ன வேணும்?"

பசியோடு போனவனுக்கு அது பெரிய சோதனை. அதே கேள்வி ஐந்து வயது மகளுக்கும் உண்டு, அதைவிடச் சின்ன மகனுக்கும் உண்டு. எல்லோரும் பதில் சொல்லி முடிப்பதற்குள் மீன்குழம்பு ஆறிவிடும். நான் சும்மா இருப்பேனா? "எங்க ஊரு ரொட்டி சானாய் மாதிரி வராதுக்கா. மாவைக் காத்துல வீசுவாங்க பாருங்க, துணி மாதிரி விரியும்" என்று வாய்க்குள் புட்டை வைத்துக்கொண்டே அளப்பேன். அக்கா கோபித்துக்கொள்ளாமல், எப்படி வீசுவார்கள், கிழியாதா என்று விசாரிப்பார்.

ஒருநாள் அவர் கணவர் சொன்ன கதை இது. பெண் பார்க்கப் போன இடத்தில் பெரியவர்கள் எல்லாம் பேசி முடித்து, சீதனம் வரைக்கும் போய்விட்டார்களாம். பலகாரத் தட்டோடு வந்த பெண், மாப்பிள்ளைக்கு முன்னால் நின்று, "உங்களுக்கு விருப்பமோ, அல்லது அம்மா சொன்னவ எண்டு வந்தனீங்களோ?" என்று கேட்டதாம். சபை திகைத்துப் போயிற்றாம்.

"என்ன சொன்னீங்க அண்ணே?"

"அதுவரைக்கும் ஒருத்தரும் என்னட்டக் கேக்கேல்லை. கேட்ட பிறகுதான் எனக்கே விருப்பம் வந்தது" என்றார் டாக்டர். அக்கா குசினியில் பாத்திரத்தைச் சத்தமாக வைத்தார்.

இப்படிப்பட்டவர் மாணவர் பிரதிநிதி ஆனால் என்ன ஆகும்? ஆனார். அதுவும் தவறுதலாக.

நாங்கள் சேர்வதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்தான் மாணவர்கள் நிர்வாகக் கட்டடத்தின் படிகளில் நாள்கணக்காக உட்கார்ந்து, எங்களைக் கேட்காமல் எங்களைப் பற்றி முடிவெடுக்காதே என்று போராடியிருந்தார்கள். அதன் பலனாகத் துறைக் குழுவில் ஒவ்வொரு ஆண்டு வகுப்புக்கும் ஒரு கதிரை கிடைத்தது. வேடிக்கை என்னவென்றால், கதிரை கிடைத்த பிறகு உட்கார ஆள் இல்லை. கூட்டம் மத்தியானம் முழுதும் நீளும். பேச்சு முழுக்கக் கண்ணாடிக் குழாய் உடைந்ததும் நூலகம் பூட்டும் நேரமும்தான். கொடி பிடிக்க வந்த கூட்டம் கொட்டாவி விட வருமா? யாருக்கு விருப்பம் என்று விரிவுரையாளர் கேட்டார். வகுப்பு குனிந்து குறிப்பேட்டைப் பார்த்தது. அந்த வேலையில் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துகொள்ள அக்கா கையைத் தூக்கினார். எல்லோரும் கைதட்டிவிட்டார்கள். கேள்வி கேட்கப் போனவரைத் தெரிந்தெடுத்தாயிற்று.

முதல் கூட்டத்திலேயே அவருடைய குணம் துறைக்குத் தெரிந்துபோயிற்று. செய்முறை வகுப்பை வெள்ளிக்கிழமை பிற்பகலுக்கு மாற்றலாம் என்று ஒரு யோசனை. பேராசிரியர் நெட்டை மனிதர், வாயில் எப்போதும் பைப். கெட்டவர் என்று சொல்ல முடியாது, அவசரக்காரர். "மாணவர்களுக்கு ஆட்சேபம் ஒன்றும் இருக்காதே?" என்று அக்காவைப் பார்த்துக் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அடுத்த விஷயத்துக்குப் போனார்.

"எனக்குத் தெரியாது. கேட்டுவிட்டு வருகிறேன்" என்றார் அக்கா.

உங்கள் கருத்தைச் சொன்னால் போதும் என்றார் பேராசிரியர். "என் கருத்து ஒரு ஆளுடைய கருத்து. நீங்கள் இந்தக் கதிரையை ஒரு வகுப்புக்கல்லவா கொடுத்தீர்கள்?" என்றாராம் அக்கா. முடிவு தள்ளிப் போயிற்று.

பிறகு அக்கா கேட்கப் புறப்பட்டார். துணைக்கு நான். சிற்றுண்டிச்சாலை, புல்தரை, டிராம் நிறுத்தம் என்று ஒரு இடம் விடவில்லை. கால்பந்து விளையாடுகிற ஒருவன் வெள்ளிக்கிழமைகளில் பெட்ரோல் நிலையத்தில் வேலை செய்தான். கிரேக்கப் பெண் ஒருத்தியின் அப்பா மீன் பொரித்து விற்கும் கடை வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை ஊரே மீன் தின்னும் நாள், அவள் கல்லாவில் நிற்க வேண்டும். வகுப்புக்கே வராத ஒருவன் கார்ல்டனில் ஒரு வீட்டில் இருப்பதாகக் கேள்விப்பட்டு அங்கேயும் போனோம். மத்தியானத்தில் போர்வையோடு வந்து கதவைத் திறந்தான். இதைக் கேட்கவா இவ்வளவு தூரம் வந்தீர்கள் என்றான். ஆமாம் என்றார் அக்கா, அது பெரிய விஷயமே இல்லை என்பது போல. அடுத்த வாரம் அவனை வகுப்பில் பார்த்தேன். தன்னிடம் கேட்க ஒரு ஆள் வந்ததே என்றுதானோ என்னவோ. செய்முறை செவ்வாய்க்கிழமைக்குப் போயிற்று.

அதன்பின் அவருக்குப் பட்டப் பெயரே விழுந்துவிட்டது, 'கேட்டுவிட்டு வருகிற அம்மா' என்று. கூட்டத்தில் அவர் வாயைத் திறக்குமுன் நாலு பேர் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். அக்காவும் சேர்ந்து சிரித்துவிட்டு, கேட்கப் போய்விடுவார்.

அக்காவைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆய்வுகூடத்தில் அவரைப் போல் ஒருவரும் இல்லை. அவர் கைபட்டால் கரைசல் சொன்னபடி நிறம் மாறும். ஆனால் பரீட்சை மண்டபம் என்றால் ஆள் கல்லாகிவிடுவார். தெரிந்ததெல்லாம் மறந்து, பேனாவைப் பிடித்தபடி எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். "மணி அடிச்சவுடன என்ர மூளையைப் பூட்டிப்போட்டுத் திறப்பை ஆரோ கொண்டுபோகினம்" என்பார். நான் நேர்மாறு. ஆய்வுகூடத்தில் நான் உடைக்காத பொருள் இல்லை. ஆனால் ஒரு மாதம் கதவைச் சாத்திக்கொண்டு படித்தால் புத்தகத்தை அப்படியே கக்குவேன். எங்கள் காலத்து விதி என்னைப் போன்றவனுக்குத்தான் சாதகம். மதிப்பெண் முழுவதும் ஆண்டிறுதிப் பரீட்சைக்கு. செய்முறைக்கும், வீட்டில் எழுதிக் கொடுக்கும் ஒப்படைகளுக்கும் ஒன்றும் கிடையாது.

மூன்றாம் ஆண்டு, அதாவது கடைசி ஆண்டு, முதல் தவணையில் அப்பா இறந்துவிட்டதாகத் தந்தி வந்தது. ஊருக்குப் போனேன். கருமாதி முடித்து, அம்மாவையும் தங்கைகளையும் தேற்றி வைத்துவிட்டுத் திரும்பியபோது தவணை முடிந்திருந்தது. செய்முறைகளில் பெரும்பகுதி அந்தத் தவணையில்தான், அது போய்விட்டது. பரவாயில்லை, பரீட்சையில் தேறினால் போதும் என்று துறையில் சொன்னார்கள். நிம்மதியாக இருந்தேன்.

அந்த நிம்மதி ஆகஸ்டு வரைக்கும்தான். இனிமேல் பாதி மதிப்பெண் ஆண்டு முழுதும் செய்யும் வேலைக்கு, பாதிதான் பரீட்சைக்கு, அதுவும் இந்த ஆண்டிலிருந்தே என்று துறை ஒரு யோசனை வைத்தது. மாணவர்கள் நெடுநாளாகக் கேட்டதுதான். வகுப்பு குதித்தது. நான் குதிக்கவில்லை. செய்யாத வேலைக்கு எங்கே மதிப்பெண்? நிச்சயம் தவறிவிடுவேன். தவறினால் மாணவர் விசாவை நீட்டிக்க மாட்டார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். அப்பா போன வீட்டுக்குப் பட்டமில்லாமல் போய் எந்த முகத்தோடு நிற்பேன்?

நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, நீங்கதானே உள்ள உட்கார்ந்து பேசுறீங்க. மாணவருக்கு இதுல இஷ்டமில்லனு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. முடிஞ்சது."

"கேட்டிட்டெல்லோ சொல்லவேணும்."

"கேட்டா எல்லாரும் வேணும்னுதான் சொல்லுவாங்க."

"அப்ப வேணாம் எண்டு நான் எப்படிச் சொல்லுறது?"

"என் நிலைமை உங்களுக்குத் தெரியாதாக்கா?"

வெட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். வெங்காயமோ வேறெதுவோ, கண் கலங்கியிருந்தது. "தெரியும். ஆனா எனக்குத் தெரியுமெண்டது வேற, நீர் சொல்லுறது வேற. சொல்லும், உமக்கு என்ன வேணும்?"

வந்ததே எனக்கு ஆத்திரம். வீடு பற்றி எரிகிறது, இவர் சோறோ புட்டோ என்கிறார். எழுந்து வந்துவிட்டேன். அந்தச் சனிக்கிழமை சாப்பிடப் போகவில்லை. வளாகத்தில் அவர் ஒவ்வொரு ஆளாக நிறுத்திக் கேட்பதைத் தூரத்திலிருந்து பார்த்தேன். இவரெல்லாம் ஒரு அக்காவா என்று மனதுக்குள் திட்டினேன்.

பதில் நான் நினைத்தபடியே வந்தது. ஏறத்தாழ எல்லோருக்கும் புது விதி வேண்டும். வேண்டாம் என்றவர்கள் நானும், செய்முறைக்குத்தான் மதிப்பெண் இல்லையே என்று அதை விட்டுவிட்டுப் பகலில் வேலைக்குப் போன ஓரிருவரும்தான். அவர்களும் வாய் திறந்து சொல்லத் தயாரில்லை.

கூட்டத்துக்கு முதல் நாள் டிராம் நிறுத்தத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார் அக்கா.

"நாளைக்கு நீரும் வாரும்."

"நான் எதுக்கு?"

"கதவுக்கு வெளியில நில்லும். காணும்." அவர் ஊரில் காணும் என்றால் போதும்.

விமானம் ஏற்றிவிட்ட மாமா சொன்னது என் காதில் இருந்தது. 'அங்க போய் வாயத் தொறக்காத. படிச்சமா, வந்தமானு இரு.' வெளிநாட்டு மாணவன் யார் கண்ணிலும் படாமல் இருப்பதே நல்லது என்று மூன்று வருடம் இருந்துவிட்டவன் நான். போகக் கூடாது என்றுதான் தூங்கப் போனேன். ஆனாலும் மறுநாள் கால்கள் அங்கே கொண்டுபோய் நிறுத்திவிட்டன.

கதவு ஒருக்களித்திருந்தது. அக்கா குரல் கேட்டது. வகுப்பில் பெரும்பாலோருக்குப் புது விதி வேண்டும், இந்த ஆண்டே வேண்டும் என்று தெளிவாகச் சொன்னார். ஏன் வேண்டும் என்று அவர்கள் சொன்ன காரணங்களையும் ஒன்று விடாமல் சொன்னார். எனக்காக ஒரு சொல்லைக்கூட மென்று விழுங்கவில்லை. என் கதை முடிந்தது என்று சுவரில் சாய்ந்தேன்.

"வேண்டாம் என்பவர்களும் சிலர் உண்டு. அவர்களையும் கேட்டேன். ஆனால் அதை நான் சொன்னால் சரியாக வராது" என்றார் அக்கா. கதிரை நகரும் சத்தம். அடுத்த நிமிடம் கதவைத் திறந்துகொண்டு எனக்கு முன்னால் நின்றார்.

"வாரும்."

"அக்கா, எனக்கு வராது."

"உமக்கு நடந்தது உமக்குத்தானே தெரியும். அதைச் சொல்லும். காணும்."

கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். பேராசிரியர் பைப்பை எடுத்துவிட்டு, மூன்றாம் ஆண்டுக்கு ஒரு கதிரைதான் என்பதை நினைவூட்டினார். "ஒரு கதிரைதான். அதனால்தான் நான் எழும்பிவிட்டேன்" என்றார் அக்கா. என்னை அதில் உட்கார வைத்துவிட்டு, ஹீட்டருக்குப் பக்கத்தில் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்தியபடி நின்றுகொண்டார்.

என்ன பேசினேன் என்று முழுதும் நினைவில்லை. ஆங்கிலம் உடைந்து உடைந்து வந்தது. தந்தி வந்ததைச் சொன்னேன். பரீட்சை மட்டும் போதும் என்று நீங்கள் சொன்னதை நம்பித்தான் திரும்பி வந்தேன் என்றேன். அம்மா என்று தொடங்கிய வாக்கியத்தை மூன்று தடவை திரும்பத் தொடங்கினேன். ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. பேராசிரியர்கூட மேசையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.

இவருக்கு மட்டும் விலக்குக் கொடுத்தால் நாளைக்கு எல்லோரும் வருவார்களே என்று ஒருவர் இழுத்தார். செம்பட்டைத் தாடி வைத்த இளம் விரிவுரையாளர் ஒருவர், விதி நல்ல விதிதான், ஆனால் ஆண்டு தொடங்கும்போது ஒன்றைச் சொல்லிவிட்டுப் பாதியில் மாற்றுவது எவருக்குமே நியாயமில்லை என்றார். கொஞ்ச நேரம் வாதாடினார்கள். கடைசியில், புது விதி வரும், ஆனால் அடுத்த ஆண்டிலிருந்து என்று முடிந்தது.

அடுத்த ஆண்டு நாங்கள் இருக்க மாட்டோம். வகுப்பு முணுமுணுத்தது. நீ எங்கள் பிரதிநிதியா அவனுடைய பிரதிநிதியா என்று கால்பந்துக்காரன் அக்காவிடம் நேராகவே கேட்டான். "நீங்கள் சொன்னதை நான் சொன்னேன். அவர் சொல்ல வேண்டியதை அவர் சொன்னார்" என்றார் அக்கா. அவன் தோளைக் குலுக்கிவிட்டுப் போனான்.

நவம்பர் வெயிலில் பரீட்சை. இரண்டு வரிசை தள்ளி அக்கா. நான் கக்கிக்கொண்டிருந்தேன். தலை நிமிர்ந்த போதெல்லாம் அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டிசம்பரில் பலகையில் பெயர்கள் ஒட்டினார்கள். நான் தேறிவிட்டேன். துள்ளிக் குதித்துக்கொண்டு அக்காவைத் தேடினேன். பலகையின் அந்தப் பக்கத்தில் செம்பட்டைத் தாடிக்காரரோடு நின்றுகொண்டிருந்தார். அக்காவும் தேறியிருந்தார், ஆனால் பெயர் வெகு கீழே. "செய்முறையில் நீதான் முதல். புது விதி இந்த ஆண்டே வந்திருந்தால் ஆராய்ச்சிக்கு உன்னை நானே எடுத்திருப்பேன்" என்று அவர் மெதுவாகச் சொல்வது என் காதில் விழுந்தது. பரவாயில்லை என்றார் அக்கா. என் துள்ளல் அந்த இடத்திலேயே நின்றுபோயிற்று.

டிராமில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு நிறுத்தம் தாண்டியதும் கேட்டேன்.

"அக்கா, நீங்க எந்தப் பக்கம்?"

"எதிலை?"

"அந்த விதியில."

"புது விதியின்ர பக்கம்தான். வேறென்ன? நான் பரீட்சை எழுதுற வடிவு உமக்குத் தெரியாதே?" சிரித்தார்.

"அப்ப ஏன்கா எந்திரிச்சீங்க?"

ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ர பக்கம் நிறையப் பேர் இருந்தவை தம்பி. உம்மட பக்கம் கதைக்க நீர் ஒராள்தான். கதிரை ஆருக்குத் தேவை?"

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீர் கேக்கேல்லையே" என்றார். குற்றமாகச் சொல்லவில்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வது போலச் சொன்னார்.

எனக்கு அழுகை வந்தது. வகுப்பு முழுவதையும், வீட்டில் கிடந்தவனைக்கூட விடாமல், தேடிப் போய்க் கேட்டவர். நான் உட்பட ஒருவருக்கும் அவரைக் கேட்கத் தோன்றவில்லை. (அக்கா பிற்பாடு குடிநீர் சோதிக்கும் இடமொன்றில் வேலைக்குச் சேர்ந்து கடைசிவரை அங்கேயே இருந்தார். தண்ணீர் எப்படி இருக்கிறது என்று வீடு வீடாகப் போய்க் கேட்டிருப்பார் என்று டாக்டர் கேலி செய்வார்.)

வீட்டுக்குப் போனோம். டாக்டர் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் காலைக் கட்டிக்கொண்டார்கள். அக்கா கைப்பையை வைத்துவிட்டு நேரே குசினிக்குள் போய்க் கரண்டியை எடுத்தார்.

"சோறோ, புட்டோ?"

நான் கரண்டியை வாங்கிக்கொண்டேன். ஒரு கதிரையை இழுத்துப் போட்டேன். "நீங்க உட்காருங்கக்கா. உங்களுக்கு என்ன வேணும்?"

"எனக்கோ?"

மகள் கிளுக்கென்று சிரித்தாள். டாக்டர் பேப்பரைத் தாழ்த்தினார். அக்கா கதிரையின் நுனியில் உட்கார்ந்து யோசித்தார். எதெண்டாலும் என்று அவர் சொல்ல முடியாதே. வடிவாகவே யோசித்தார்.

"அந்த உங்கட ஊர் ரொட்டி. காத்திலை வீசுறது."

இதை எதிர்பார்க்கவில்லை. வாழ்நாளில் நான் அதைக் கடையில் தின்றிருக்கிறேனே தவிர, மாவைத் தொட்டதில்லை. ஆனால் வாய் கொடுத்தாயிற்று. டாக்டர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு மா குழைத்தார். நான் வீசினேன். முதலாவது தரையில் விழுந்தது. இரண்டாவது விளக்கில் தொங்கியது. பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள். மூன்றாவது எப்படியோ கல்லில் விழுந்து, டாஸ்மேனியாத் தீவு போல ஒரு வடிவத்தில் வெந்தது. முதல்நாள் மீன்குழம்போடு தட்டில் வைத்து அவர் முன்னால் கொண்டுபோய் வைத்தேன்.

அக்கா பிய்த்து வாயில் போட்டு, மெதுவாக மென்றார்.

"எப்படிக்கா இருக்கு?"

"உப்புக் காணாது" என்றார். "இன்னும் ஒண்டு போடும்."

கதிரையில் நன்றாகப் பின்னுக்குச் சாய்ந்துகொண்டார். அன்றைக்கு முழுதும் அவர் எழும்பவே இல்லை.